கேஷுவாலிட்டியில் இருந்து ஸ்கேன் அறை வரைக்கும்: ஒரு ட்ராலி பயணம் பற்றி

1/
"உள்ள கொண்டுவந்து இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போகல. என்னதான் சார் பண்றீங்க இங்க?"

போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு தம்பி என்னைப் பார்த்து இப்படிச் சத்தம் போட்டார். பைக்கில் இருந்து விழுந்த அவரோட அப்பா ட்ராலியில் கிடந்தார். நினைவு சரியா இல்லை. தம்பி மேல எனக்குக் கோபம் வரல. அவர் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனா அந்த நேரத்துல நின்னு விளக்கம் சொல்ல முடியல. அதனால இங்க சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2/
முதல்லயே விஷயத்தைச் சொல்லிடுறேன். உயிருக்குப் போராடுற நோயாளிக்கு ஆஸ்பத்திரிக்குள்ள ரொம்ப ஆபத்தான இடங்கள்ல ஒண்ணு, ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போற வழி. வராண்டா, ரேம்ப், லிஃப்ட், ஸ்கேன் அறை வாசல். அந்தப் பயணத்தை நாம "தள்ளிட்டுப் போற வேலை"ன்னு நினைக்கிறோம். மக்கள் மட்டும் இல்ல, ஆஸ்பத்திரிக்காரங்க நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். அது ஒரு சிகிச்சை. மருந்து கொடுக்கிற மாதிரி, தையல் போடுற மாதிரி அதையும் தயாரிப்போட செய்யணும். இதுதான் என் கட்சி.

3/
ஏன்னு பார்ப்போம். கேஷுவாலிட்டியில் படுத்திருக்கும்போது நோயாளியைச் சுத்தி என்னென்ன இருக்கு? சுவத்துல இருந்து தீராத ஆக்ஸிஜன். தலைமாட்டில் மானிட்டர். வாந்தி வந்தா உறிஞ்சி எடுக்க சக்ஷன். கைக்கெட்டுற தூரத்துல அவசர மருந்து ட்ரே. நல்ல வெளிச்சம். ஒரு குரல் கொடுத்தா ஓடி வர சிஸ்டர்.

ட்ராலியை வெளிய தள்ளின அடுத்த நொடி இதுல எத்தனை கூட வரும்? ஒரு சிலிண்டர். ஒரு ஹவுஸ் சர்ஜன். ட்ராலி தள்ள ஒருத்தர். பல நேரம் அவ்வளவுதான்.

4/
இன்னொண்ணு. நோயாளியை நகர்த்துறதே அவர் உடம்புக்கு ஒரு சோதனை.

தலையில் அடிபட்டவரை 30 டிகிரி தலையை உயர்த்தி வெச்சிருப்போம், மூளையில் அழுத்தம் ஏறாம இருக்க. ஸ்கேன் மேஜையில் மட்டமா படுக்க வைக்கணும். மூச்சுத்திணறலோட உட்கார்ந்தே இருந்த இதய நோயாளியை மட்டமா படுக்க வெச்சா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிற அவருக்குத் தண்ணிக்குள்ள முக்கின மாதிரி இருக்கும்.

இடுப்பெலும்பு உடைஞ்சவரைத் தூக்கி மாத்தும்போது, அப்போதான் உறைய ஆரம்பிச்ச ரத்தம் மறுபடி கசிய ஆரம்பிக்கலாம்.

5/
மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டவர்னா இன்னும் கவனம் வேணும். பெரியவங்களுக்கு அந்த ட்யூப் பல் வரிசையில் சுமார் 21லிருந்து 23 செ.மீ. அளவில் நிக்கும். கழுத்தைக் குனிய வெச்சா உள்ள இறங்கும், அண்ணாந்தா மேல ஏறும். ஓரிரு செ.மீ. நகர்ந்தாலே போதும், ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காத்து போகலாம், இல்ல வெளியவே வந்துடலாம். ட்ராலியில் இருந்து மேஜைக்கு "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு தூக்கும்போது தலையை யார் பிடிக்கிறாங்க, ட்யூபை யார் பிடிக்கிறாங்கங்கிறதுலதான் அது இருக்கு.

6/
பி.பி. ஏற்றும் மருந்து பம்பில் ஓடிட்டு இருக்கும். அந்த மருந்துகள்ல சிலது நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துலயே பி.பி. சரியும். பம்பின் பேட்டரி பழசா இருந்தா? டியூப் ட்ராலி சக்கரத்துல மாட்டினா?

இவ்வளவுக்கும் மேல, சி.டி. ஓடும்போது கதிர்வீச்சு இருக்கிறதால நாங்க பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளிய நிப்போம். அந்தச் சில நிமிஷம் நோயாளி உள்ளே தனியா இருப்பார். அவர் வாந்தி எடுத்தா எங்களுக்குத் தெரியறதுக்குள்ள அது நுரையீரலுக்குப் போயிடலாம்.

கூப்பிட்டாலும், கிள்ளினாலும் கண் திறக்காத ஒருத்தரை மூச்சுப்பாதையைப் பத்திரப்படுத்தாம அந்த அறைக்கு அனுப்பக் கூடாதுங்கிறது இதனாலதான்.

7/
இதையெல்லாம் புத்தகத்துல படிச்சு மட்டும் சொல்லல. ஒரு கதை சொல்றேன். சொல்ல விருப்பம் இல்ல. ஆனா சொல்லாம இந்தப் பதிவு எழுதினா அது நேர்மையா இருக்காது.

பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்போ நான் ஹவுஸ் சர்ஜன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். இது எங்கயும் நடந்திருக்கும். சாலை விபத்து, தலைக்காயம், நாற்பது வயசுக்காரர். வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள்ளயும் போயிருந்தது. ட்யூப் போட்டாச்சு. "சி.டி. எடுத்துட்டு வாப்பா"ன்னு என்னை அனுப்பினாங்க.

8/
ஸ்கேன் வேற கட்டடத்துல. நான் ஆம்பு பேகை அமுக்கிட்டே நடக்கிறேன். ஒரு அக்கா, ஆஸ்பத்திரித் தொழிலாளி, ட்ராலி தள்றாங்க. பின்னாடி அவரோட மனைவி.

கிளம்புறதுக்கு முன்னாடி சிலிண்டரைத் திறந்து பார்த்தேன். "ஸ்ஸ்ஸ்"ன்னு சத்தம் வந்துச்சு. சரி, ஆக்ஸிஜன் இருக்குன்னு கிளம்பிட்டேன். மீட்டரைப் பார்க்கல. சத்தம் வந்தா உள்ள வாயு இருக்குன்னுதான் அர்த்தம். எவ்வளவு இருக்குன்னு சத்தம் சொல்லாது. அது எனக்கு அன்னைக்குத் தோணல.

9/
ஸ்கேன் வாசல்ல போனா, உள்ள வேற நோயாளி. காத்திருந்தோம். பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். நான் பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கேன். ஆம்பு பேக் ஆக்ஸிஜன் தீர்ந்தாலும் தானா உப்பும், வெளிக்காத்தை இழுத்துக்கும். அது நல்ல வசதிதான். ஆனா கையில் எந்த வித்தியாசமும் தெரியாது. மானிட்டர் கொண்டு போகல. ஆகவே எனக்கு ஒண்ணும் தெரியல.

அந்த அக்காதான் பார்த்தாங்க. "சார், பின்னாடி இருக்கிற பை சூம்பிப் போச்சே."

10/
ஆம்பு பேக் பின்னாடி தொங்குற அந்த ஆக்ஸிஜன் பை தட்டையா கிடந்துச்சு. சிலிண்டர் காலி. அக்கா பக்கத்து வார்டுக்கு ஓடினாங்க. சிலிண்டர் கிடைச்சுது. திறக்கிற சாவி இல்ல. சாவிக்கு இன்னொரு வார்டுக்கு ஓடினாங்க. எல்லாம் முடிஞ்சு ஆக்ஸிஜன் ஓட ஆரம்பிச்சு, யாரோ கொண்டுவந்த விரல் மீட்டரை மாட்டினப்போ சாச்சுரேஷன் 70களில் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

11/
ஸ்கேன் எடுத்தோம். திரும்பி வந்தோம். ரெண்டு நாள் கழிச்சு அவர் இறந்துட்டார்.

பெரிய தலைக்காயம். எப்படியும் பிழைச்சிருக்க மாட்டார்னு சீனியர் சொன்னார். இருக்கலாம். ஆனா அடிபட்ட மூளைக்கு ஆக்ஸிஜன் குறையறதும் பி.பி. குறையறதும் இரண்டாவது அடி. முதல் அடி ரோட்டுல விழுந்தது, அதை யாராலும் மாத்த முடியாது. இரண்டாவது அடி என் கையில் விழுந்துச்சா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

கேஸ் ஷீட்டில் அந்தப் பயணம் ஒரே வரி: "சி.டி. எடுக்கப்பட்டது." யாரும் என்னை எதுவும் கேட்கல. கேட்டிருக்கணும்.

12/
இப்போ அந்தக் கணக்கு. இதை ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கச்சிகளுக்காக எழுதுறேன், மத்தவங்களும் தெரிஞ்சுக்கலாம்.

ட்ராலியோட வர்ற சின்ன சிலிண்டரை பி டைப்னு சொல்வோம். அதோட கொள்ளளவு 10 லிட்டர் தண்ணி. முழுசா நிரப்பினா மீட்டர் சுமார் 150 காட்டும். 150 பெருக்கல் 10, ஆக 1500 லிட்டர் ஆக்ஸிஜன். நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓடினா 150 நிமிஷம்.

13/
மீட்டர் 50 காட்டினா? 500 லிட்டர். 10 லிட்டர் வேகத்துல 50 நிமிஷம். 15 லிட்டர் வேகத்துல 33 நிமிஷம். போக, வர, வாசல்ல காத்திருக்க, மேஜைக்கு மாத்த, திரும்ப மாத்த, லிஃப்ட் வர... 33 நிமிஷம் ஒண்ணுமே இல்ல.

மீட்டர் 20 காட்டினா 200 லிட்டர். 20 நிமிஷத்துல கதை முடிஞ்சுது. அன்னைக்கு என் சிலிண்டர்ல ஏறக்குறைய அதுதான் இருந்திருக்கணும்.

எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்களோ அதைப் போல ரெண்டு மடங்கு கையில் இருக்கணும். நான் இன்னைக்கும் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் ட்ராலியைத் தொடுறேன்.

14/
சரி, அந்தத் தம்பி கேட்ட இருபது நிமிஷத்துக்கு வருவோம். அதுல நாங்க என்ன பண்ணிட்டு இருந்தோம்?

அவர் அப்பாவுக்குக் கழுத்துப் பட்டை போட்டோம். ஆக்ஸிஜன் கொடுத்தோம். நினைவு இறங்கிட்டே போனதால ட்யூப் போட்டோம், அது சரியான இடத்துல இருக்கான்னு ரெண்டு பக்கமும் கேட்டுப் பார்த்து, அசையாம கட்டினோம். ரெண்டு கையிலயும் ஊசி போட்டு டிரிப்ஸ். பி.பி. குறைஞ்சிருந்துச்சு, அதை ஏத்தினோம். ஏன் குறைஞ்சுதுன்னு வயித்துல அல்ட்ராசவுண்ட் வெச்சு உள்ள ரத்தம் இருக்கான்னு பார்த்தோம். ஸ்கேன் அறைக்குப் போன் போட்டு, மேஜை காலியாகிற நேரத்தைக் கேட்டுக்கிட்டோம்.

வெளிய நின்ன தம்பிக்கு இதுல எதுவும் தெரியாது. கதவு மூடியிருந்துச்சு. அதைச் சொல்ல எங்கள்ல ஒருத்தர் ஒரு நிமிஷம் வெளிய வந்திருக்கணும். வரல. அது எங்க தப்பு.

15/
இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லாட்டி இது சோம்பேறித்தனத்துக்குச் சாக்கா ஆயிடும்.

எல்லாரையும் நிதானமா வெச்சிருக்க முடியாது. வயித்துக்குள்ள ரத்தம் கொட்டிட்டு இருக்கிறவருக்கு கேஷுவாலிட்டியில் எவ்வளவு டிரிப்ஸ் ஏத்தினாலும் நிக்காது, அவர் தியேட்டருக்குப் போகணும். பக்கவாதம் வந்தவருக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கு முன்னாடி சி.டி. எடுத்தாகணும். அங்க ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. தயாரிப்புன்னா தாமதம்னு அர்த்தம் இல்ல. எல்லாம் ஒரே பையில் தயாரா இருந்தா தயாரிப்புக்கு அஞ்சு நிமிஷம் போதும். பொருளைத் தேடி ஓடுறதுலதான் நேரம் போகுது.

16/
அதே மாதிரி, கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் தன்னையே கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: இந்த ஸ்கேன் முடிவு வந்தா நான் கொடுக்கிற சிகிச்சை மாறுமா? மாறாதுன்னா இந்த நிலையில் இவரை ஏன் நகர்த்தணும்? படுக்கையிலயே எக்ஸ்ரே எடுக்கலாம், அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம், எக்கோ பார்க்கலாம்.

"எல்லா ஸ்கேனும் எடுத்துடுங்க டாக்டர்"னு உறவினர்கள் சொல்லும்போது நாங்க வேண்டாம்னு சொன்னா, அலட்சியம்னு எடுத்துக்காதீங்க. சில நேரம் அது நாங்க யோசிச்சு எடுத்த முடிவு.

17/
இப்போ அரசாங்கத்துக்கு, நிர்வாகத்துக்கு.

தமிழ்நாட்டுல 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்துச்சு. எத்தனை உயிர்கள் அதனால பிழைச்சுதுன்னு கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற எங்களுக்குத் தெரியும். 108ல ஒரு நோயாளி 30 கிலோமீட்டர் வரும்போது, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். ஆக்ஸிஜன் இருக்கும். கிளம்பின நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் எழுதுவாங்க.

அதே நோயாளி ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள வந்த பிறகு ஸ்கேனுக்கு 200 மீட்டர் போகும்போது? இதுல எதுவும் உறுதி கிடையாது. யார் கை காலியா இருக்கோ அவங்க தள்ளுவாங்க. யாரும் இல்லாட்டி மகனும் மருமகனும் தள்ளுவாங்க.

18/
ட்ராலி தள்ளக் காசு கேட்கிற புகாரும் எனக்குத் தெரியும். அது தப்பு, சமாதானம் சொல்ல மாட்டேன். புகார் கொடுங்க. ஆனா என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு அந்தப் பை சூம்பினதைக் கண்டுபிடிச்சது எம்.பி.பி.எஸ். படிச்ச நான் இல்ல. ட்ராலி தள்ளின அக்கா. அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, பார்த்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க. முறையா சொல்லிக் கொடுத்து, அந்த வேலைக்குரிய சம்பளத்தையும் மரியாதையையும் கொடுத்தா அவங்க எவ்வளவு செய்வாங்க?

19/
நான் கேட்கிறது பெரிய செலவு இல்ல.

ஒண்ணு: ஒவ்வொரு கேஷுவாலிட்டிக்கும் ட்ராலியோட போக ஒரு கையடக்க மானிட்டர். வேற எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது.

ரெண்டு: ஒரே பை. அதுல ஆம்பு பேக், மாஸ்க், மாற்று ட்யூப், கையால இயக்குற சக்ஷன், அவசர மருந்துகள், சிலிண்டர் சாவி. சாவி கட்டாயம்.

மூணு: ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் சிலிண்டர் மீட்டர் அளவை நோட்டில் எழுதிக் கையெழுத்து.

நாலு: மோசமான நிலையில் இருக்கிறவரோட குறைஞ்சது பயிற்சி பெற்ற ரெண்டு பேர். உலகளவில் தீவிர சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்றதும் இதுதான். முதல் மாசம் டியூட்டிக்கு வந்த ஹவுஸ் சர்ஜனைத் தனியா அனுப்பாதீங்க.

20/
அஞ்சு: கேஸ் ஷீட்டில் நாலு வரி. கிளம்பின நேரம், அப்போ சாச்சுரேஷன், பி.பி. திரும்பின நேரம், அப்போ சாச்சுரேஷன், பி.பி. வழியில் என்ன ஆச்சு.

இந்த அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம். எழுதாதது நடக்காத மாதிரி ஆயிடுது. வழியில் எத்தனை சிலிண்டர் தீர்ந்துது, எத்தனை ட்யூப் வெளிய வந்துதுன்னு யாரும் எழுதலைன்னா, மேல இருக்கிறவங்களுக்குப் பிரச்சினை இருக்கிறதே தெரியாது. எழுதுறவங்களைத் தண்டிக்கவும் கூடாது. தண்டிச்சா அடுத்தவன் எழுத மாட்டான்.

புதுக் கட்டடம் கட்டும்போது சி.டி.யைக் கேஷுவாலிட்டி பக்கத்து அறையில் வைங்க. இதுக்குத் தனிச் செலவு கிடையாது, வரைபடம் போடும்போது யோசிச்சா போதும்.

21/
கடைசியா உங்களுக்கு. உங்க வீட்டு ஆள் ட்ராலியில் போகும்போது நீங்க செய்யக்கூடியது:

• ஒருத்தர் மட்டும் கூட வாங்க. அந்த ஒருத்தருக்கு நோயாளியோட பழைய நோய், மாத்திரை, அலர்ஜி தெரிஞ்சிருக்கணும்.
• மத்தவங்க முன்னாடி போய் வழியை ஒதுக்குங்க, லிஃப்டை நிறுத்தி வைங்க. இது உண்மையிலயே பெரிய உதவி.
• நாங்க சொல்லாம கையைக் காலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. கழுத்து, முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம்.
• தண்ணி, டீ எதுவும் வாயில் ஊத்தாதீங்க.

22/
• நெஞ்சில் குழாய் போட்டு பாட்டில் இருந்தா அது எப்பவும் நெஞ்சுக்குக் கீழ இருக்கணும். ட்ராலி மேல, வயித்து மேல வைக்காதீங்க, தண்ணி உள்ள திரும்பும். குழாயை மடக்கவும் அழுத்தவும் கூடாது.
• யூரின் பேகும் கீழதான்.
• சிலிண்டர் திருகை நீங்க தொடாதீங்க. ஆனா "டாக்டர், சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு, போதுமா?"ன்னு தாராளமா கேளுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். எந்த டாக்டரும் கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா...

23/
• எம்.ஆர்.ஐ. அறைக்குள்ள இரும்பு எதையும் கொண்டு போகாதீங்க, யார் சொன்னாலும். அந்தக் காந்தம் எப்பவும் வேலை செஞ்சிட்டே இருக்கும், ஸ்கேன் ஓடாத நேரத்துலயும். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினருக்கு உதவியா வந்த ஒரு இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரோட எம்.ஆர்.ஐ. அறைக்குள்ள போய், காந்தம் இழுத்து உயிரிழந்தார். நோயாளி கூட இல்ல, கூட வந்தவர். உதவி பண்ணப் போனவர். சிலிண்டரைத் தூக்குறது அவர் வேலையே இல்ல.

24/
போன வாரத்துத் தம்பியோட அப்பாவை ஒருவழியா ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனோம். நான், ஒரு சிஸ்டர், ட்ராலி தள்ள ஒரு அண்ணன். மீட்டர் 120. தம்பிதான் முன்னாடி ஓடி லிஃப்டைப் பிடிச்சு வெச்சார். போகும்போது சாச்சுரேஷன் 98, வரும்போது 97. அதை எழுதி வெச்சேன். அவர் இப்போ ஐ.சி.யூ.வில் இருக்கார். என்ன ஆகும்னு இன்னும் சொல்ல முடியாது. ஆனா அந்த வழியில் அவருக்கு எதுவும் ஆகலைன்னு என்னால சொல்ல முடியும்.

அந்தப் பழைய நோயாளியோட மனைவிக்கு என்னால இதைச் சொல்ல முடியாது. அவங்க அன்னைக்கு ட்ராலி பின்னாடி நின்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க, சிலிண்டர் மாத்தி முடிச்சப்போ. காப்பாத்திட்டேன்னு நினைச்சு.

25/
அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர், தொழிலாளி யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா இதை அனுப்புங்க. 12, 13 ரெண்டையும் மட்டுமாவது படிக்கச் சொல்லுங்க.

டியூட்டிக்கு நேரமாச்சு. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, காலையில் வந்து பதில் சொல்றேன்.